கேம்பர் வானுக்குப் புது ரேடியோ செட் பூட்டப் போகிறீர்களா? மஞ்சள் வயரைக் கேளுங்கள்

2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025இல்தான். அந்த இடைவெளியில் இருக்கிற வானையே திருத்தி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். டொல்பின், கேடிஎச் மாதிரி வான்களில் பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்து, கல்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் என் வேலைத்தலத்துக்கு வருகிறார்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கிய ரேடியோ செட் ஒன்று கையில் இருக்கும். "அண்ணே, இதைப் பூட்டித் தாங்க, ஒரு மணித்தியால வேலைதானே" என்பார்கள்.

காருக்கு என்றால் அது சரி. கேம்பருக்கு அப்படியில்லை.

பழைய செட்டை மாற்ற நியாயமான காரணம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த வானில் இருப்பது அந்த நாட்டுக்கென்று செய்த செட். அதன் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இலோ 95இலோ முடிந்துவிடும். நம் நாட்டு வானொலிகள் 108 வரை போகின்றன. பாதிக்கு மேல் பிடிக்காது. ஆகவே மாற்றுங்கள். ஆனால் எந்தக் கம்பெனி, எத்தனை அங்குலத் திரை என்று கேட்பதற்கு முன்னால், கரண்ட் எந்தப் பெட்டரியிலிருந்து வரப்போகிறது என்று கேளுங்கள்.

செட்டுக்குப் பின்னால் வருகிற வயர்களில் மஞ்சள் எப்போதும் உயிரோடு இருக்கும். நினைவும் நேரமும் அதில்தான் நிற்கின்றன, பாட்டுக்கான கரண்டும் அதிலேதான் வருகிறது. சிவப்பு, சாவியைத் திருப்பியதும் செட்டை எழுப்பிவிடுகிற வயர். கறுப்பு எர்த், வானின் தகர உடம்போடு சேருகிற வயர். காரில் இருப்பது ஒரே பெட்டரி என்பதால் யோசிக்க ஒன்றுமில்லை. கேம்பரில் எஞ்சினைக் கிளப்ப ஒன்று, உள்ளே லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்னொன்று என்று இரண்டு இருக்கின்றன. பூட்டுகிறவர் காருக்குப் பூட்டுகிற பழக்கத்தில் பழைய பிளக்கிலேயே செருகிவிட்டால் மஞ்சள் எஞ்சின் பெட்டரிக்குப் போய்விடும். வானை நிறுத்திவிட்டுச் சாவியை அரைவாசி திருப்பி இரவு முழுக்கப் பாட்டுக் கேட்பீர்கள். காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். எஞ்சின் பெட்டரி சில விநாடிகளுக்குப் பெரிய கரண்டைத் தள்ளுவதற்காகச் செய்தது. அடிவரை காலியாகி நிரம்புகிற வேலை அதற்கு ஒத்துவராது. சில தடவை அப்படி நடந்தாலே ஆயுள் குறைந்துவிடும்.

நான் மஞ்சளை இரண்டாவது பெட்டரிக்குத் தனி பியூஸோடு கொண்டுபோவேன். சிவப்புக்கு இருபக்க சுவிட்ச் ஒன்று வைப்பேன்: ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் இரண்டாவது பெட்டரி, நடுவில் ஓஃப். சுவிட்சுக்குக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு பக்கத்து வயரையும் சிவப்போடு ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சாவி இல்லாமலே வானின் அக்சஸரி லைன், அதாவது சாவியை அரைவாசி திருப்பினால் உயிர் பெறுகிற லைன், முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். மெல்லிய வயரில் அத்தனை சுமையும் போகும். சூடாகி உருகுவது அங்கேதான்.

ஆண்ட்ராய்ட் திரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண செட் ஓஃப் ஆகியிருக்கும்போது சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். மலிவான ஆண்ட்ராய்ட் செட்கள் சில உறங்காமல் அதைவிடப் பல மடங்கு குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, மாதத்துக்கு 36. வெள்ளவத்தை ஒழுங்கையில் மாதக்கணக்கில் நிற்கிற வான் என்றால் அந்த லைனுக்கு ஒரு மெயின் சுவிட்ச் கட்டாயம்.

அடுத்தது கோஸ்டர், ரோசா மாதிரி சின்ன பஸ்களைக் கேம்பராக்குகிறவர்கள். அவற்றில் பெரும்பாலானவை 24 வோல்ட். செட் 12 வோல்ட். "தொடர்ச்சியாக இரண்டு பெட்டரி இருக்கே, ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் பன்னிரண்டு தானே?" என்று டிரைவர்மார் கேட்பார்கள். கணக்கு சரி. செட்டும் பாடும். ஆனால் செட்டுக்குக் கொடுக்கிற பெட்டரி நாளாந்தம் இறங்கிக்கொண்டே வரும், மற்றது நிறைந்தே இருக்கும். சார்ஜர் பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை. நிறைந்தது கொதிக்கும், இறங்கியது நிறையவே நிறையாது. கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 24ஐ 12 ஆக்குகிற கன்வேர்ட்டர் ஒன்று, குறைந்தது 15 ஆம்பியர் தாங்கக்கூடியதாக, வாங்கிப் போடுங்கள். மிக மலிவானதை எடுத்தால் ரேடியோவில் இரைச்சல் வரும்.

பியூஸ் எங்கே என்பதும் முக்கியம். செட்டின் பின்னால் இருக்கிற பியூஸ் செட்டைக் காக்கும், வயரைக் காக்காது. பெட்டரி பின்னால் கட்டிலுக்கு அடியில், செட் முன்னால். இடையில் ஓடுகிற வயர் எங்காவது தகரத்தில் உரசினால் பெட்டரியை ஒட்டி இருக்கும் பியூஸ்தான் வானைத் தீயிலிருந்து காப்பாற்றும். வயரின் தடிப்பையும் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில், போகவும் வரவும் மொத்தம் 10 மீட்டருக்கு 10 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் எடுங்கள், அலுமினியத்துக்குச் செப்பு பூசினதாக இல்லாமல். இணைப்பை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கொழும்பின் வெயிலில் பசை இளகும், கடற்காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர் வயர்களில் ஒன்றே ஒன்று: கறுப்புக் கோடு போட்ட மைனஸ் வயரை எர்த்தில் கொடுக்காதீர்கள், நான்கு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக இணைக்காதீர்கள். இந்தக் காலத்து செட்களில் அதுவும் உயிருள்ள வயர். பழைய வான்களில் மைனஸ் எல்லாம் வானின் தகர உடம்பில் முடிந்திருக்கும், புதிதாக இழுக்க வேண்டி வரும். பெட்டியில் இருக்கிற '4×50 வாட்ஸ்' பற்றிக் கேட்காதீர்கள். 12 வோல்ட் வாகனத்தில் தனி அம்ப் (அம்ப்ளிஃபயர்) இல்லாத செட் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது சுமார் 20 வாட்ஸ். கேம்பருக்குள் அதுவே காது கிழியும்.

டொயோட்டாவில் செட்டின் முகப்பு 200 மில்லிமீட்டர் அகலம், மற்றவை பொதுவாக 180. வாங்குமுன் அளந்து பாருங்கள்.

பின்னால் ஸ்பீக்கருக்குச் சுவரில் ஓட்டை போடுமுன் பலகையைக் கழற்றி, காஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். காஸ் சிலிண்டர் இருக்கிற அலுமாரிக்குள் அம்பை வைக்கவே கூடாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் அடியில் தேங்கும்.

ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று செட்டுக்குச் சொல்கிற வயரை எர்த்தில் கொடுத்து, வான் ஓடும்போதும் திரையில் படம் ஓடச் செய்யச் சொல்கிறவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை. அவ்வளவுதான்.

வானை எடுத்துக்கொண்டு போகுமுன் இரண்டாவது பெட்டரியின் பியூஸைக் கழற்றிப் பாருங்கள். செட் முழுதாகச் சாக வேண்டும். திரையில் நேரம் இன்னும் தெரிந்தால் மஞ்சள் எஞ்சின் பெட்டரியில்தான் இருக்கிறது. டாஷ்போர்ட் மூடுமுன் சொன்னால் பத்து நிமிட வேலை, மூடிய பிறகு இன்னொரு கூலி.