சுடாமல் சூடாக்கும் ஹீட்டர்

போன மார்கழியில் ஏற்காட்டில் எங்கள் அம்மாயி ஆயில் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். இடது காலின் சுண்டுவிரல் ஓரம் ஹீட்டரின் தகட்டில் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துப் பதறிப்போய், “அம்மாயி, கால் சுட்டிருக்கே, வலிக்கலையா?” என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, “எங்க கண்ணு?” என்றார். இருபத்தைந்து வருடச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய் வெகுநாள் ஆகிறது. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது.

நமக்கெல்லாம் சூடு பட்டால் கை தானாகவே பின்னால் போய்விடும். ஹீட்டர் செய்கிறவர்களும் அந்த ‘வெடுக்’கை நம்பித்தான் செய்கிறார்கள். அது இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்: காலில் உணர்ச்சி போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், வலிப்பு வந்து ஹீட்டர் மேலேயே விழுந்துவிடுகிறவர்கள், தவழும் குழந்தைகள். வயதானால் தோலும் மெலிந்துவிடும். இவர்கள் இருக்கும் கட்டடத்துக்கு ஹீட்டரை வேறு கணக்கில்தான் வடிவமைக்க வேண்டும்.

அந்தக் கணக்கு 43 டிகிரியில் ஆரம்பிக்கிறது. குளிர்நாடுகளில் சுவரோரம் ரேடியேட்டர் என்று ஒன்று இருக்கும். கொதிகலனில் இருந்து 70, 75 டிகிரி வெந்நீர் அதற்குள் ஓடும். தகடும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும். பிரிட்டனில் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும், ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர்கள் தொடும் வாய்ப்பு இருந்தால் ரேடியேட்டரின் மேற்பரப்பு 43 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது வழிகாட்டு நெறி.

ஏன் 43? 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் தோல் வேகிறது என்று அளந்தார்கள். 60 டிகிரியில் சுமார் 5 விநாடி போதும். 49 டிகிரியில் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 44 டிகிரியில் ஏறக்குறைய 6 மணி நேரம். அந்த எல்லைக்கு அருகில் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகிக்கொண்டே போகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது 44-தான். வெதுவெதுப்பாகத் தெரிகிற ஒரு சூடு, ராத்திரி முழுக்க நகராமல் கிடக்கும் காலை வேகவைத்துவிடும். அதனால்தான் எல்லை அதற்கு ஒரு டிகிரி கீழே நிற்கிறது.

சரி, ஹீட்டரை 43-க்குக் குறைத்து வைத்துவிடலாமே? இங்கேதான் சிக்கல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ஒரு அறையை 20 டிகிரியில் வைக்க 700 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தட்டையான தகடு ஒன்று தனக்கும் அறைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சதுர மீட்டருக்குத் தோராயமாக 10 வாட் வெப்பம் தரும். 43-க்கும் 20-க்கும் வித்தியாசம் 23. அப்படியானால் சதுர மீட்டருக்கு 230 வாட். 700 வாட்டுக்கு 3 சதுர மீட்டர் வேண்டும். வாசற்கதவு ஒன்றரை அளவு! வெந்நீர் ரேடியேட்டரிலும் இதே கதைதான். நீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை 50-லிருந்து 25 ஆக்கினால் வெப்பம் பாதியாகக் குறைவதோடு நிற்காது, 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டரை மடங்கு பெரிய ரேடியேட்டர் மாட்ட வேண்டும்.

இடம் இருந்தால் அதுவே நல்ல வழி. தரை முழுக்கக் குழாய் பதிப்பது இந்த யோசனைதான். பரப்பு பெரிது என்பதால் தரை 29 டிகிரிக்குள் இருந்தாலே போதும்.

இடம் இல்லாத அறைக்கு இன்னொரு வழி: சூடான பாகத்தைக் கை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோவது. வெளியே ஒரு உலோகக் கூடு. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாகக் கோத்த செம்புக் குழாய். கூட்டின் அடியில் இடைவெளி, மேலே சல்லடை. உள்ளே சூடான காற்று லேசாகி மேலே ஏற, அடியிலிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். விறகடுப்புப் புகைபோக்கி இழுப்பது போலத்தான். கூடு உயரமானால் இழுப்பும் கூடும். உள்ளே குழாய் 70-இல் இருக்கலாம். கூடு மட்டும் 43-க்குள் நிற்க வேண்டும். அதற்காகக் குழாய்க்கும் கூட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விடுகிறார்கள். மலைக்கு இதில் ஒரு சேர்ப்பு உண்டு: நம் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. காற்றை நம்பி ஓடும் ஹீட்டர் இங்கே கொஞ்சம் குறைவாகத்தான் தரும். கணக்கில் அதற்கும் இடம் விட வேண்டும்.

கூட்டின் வடிவத்திலும் விஷயம் இருக்கிறது. முனைகள் உருண்டையாக இருக்கும், விழுகிறவர்கள் தலையில் இடிக்காதபடி. சல்லடை ஓட்டைகள் குழந்தை விரல் நுழையாத அளவு. மேற்பகுதி சரிவு. மழைக்காலத்தில் ஏற்காட்டு வீடுகளில் ஈரச் சாக்ஸும் துண்டும் எங்கே காயும் என்று நமக்குத் தெரியும். சரிவாக இருந்தால் எதையும் போட முடியாது. முன்பக்கம் கதவுபோலத் திறக்கவும் வேண்டும். உள்ளே தூசி சேர்ந்தால் நோயாளி அறையில் அதுவே கிருமிக்கு இடம். கூடு போட்டுவிட்டுப் பக்கத்தில் வரும் வெந்நீர்க் குழாயை மூடாமல் விட்டால் அத்தனையும் வீண். அதுவும் அதே 70 டிகிரிதான்.

பொருளும் முக்கியம். விடிகாலையில் இரும்பு கேட்டைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், மரக்கதவு அப்படி இருக்காது. இரண்டும் ஒரே குளிரில்தான் இரவெல்லாம் நின்றவை. இரும்பு வெப்பத்தைச் சட்டென்று கடத்தும், மரம் கடத்தாது. சூட்டிலும் அப்படியே. 60 டிகிரி இரும்பைத் தொட்டால் தொட்ட இடத்தில் தோல் 58 டிகிரி வரை போகும். அதே 60 டிகிரி மரத்தைத் தொட்ட கணத்தில் 39 வாக்கில்தான் இருக்கும்.

மின்சார ஹீட்டர்களின் சூடேற்றும் குழாய்க்குள் கம்பிச்சுருளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மெக்னீசியம் ஆக்சைடு. வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. சேலத்துக்காரர்களுக்கு அதன் மூலப்பொருள் பழக்கமானதுதான். அங்கே சுண்ணாம்புக்கரட்டில் தோண்டும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பது இதே ஆக்சைடு. மின்சாரம் உடம்பில் பாயாமல் காக்க இவ்வளவு அக்கறை எடுத்திருக்கிறார்கள். வெளித்தகட்டின் சூட்டில் அந்த அக்கறையைக் காணோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி அம்மாயியின் ஹீட்டரை அளந்தேன். பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். தகட்டின் மேல் விளிம்பு 78. கால் பட்ட கீழ்ப்பகுதி 56.

குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நாங்கள் ஹீட்டரைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரு முழம் தள்ளி, சில்வர் ஓக் மரப் பட்டிகளால் ஒரு தடுப்பு. மேலே மூடவில்லை, மூடினால் காற்று ஓடாமல் உள்சூடு ஏறிவிடும். தடுப்பைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறோம், சாய்ந்து விழாமல் இருக்க. மூன்று மணி நேரம் ஓடிய பிறகு பட்டியில் டேப் ஒட்டி அளந்தேன்: 34. அம்மாயி இப்போது நாற்காலியை அந்தத் தடுப்பு வரைக்கும் இழுத்துப் போட்டு உட்காருகிறார்.