கால் நரம்பு சுருட்டலுக்கு ஊசி: எல்லையோரத்தில் எந்தக் காப்பீட்டு அட்டை செல்லும்?

கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள், வண்டிப்பெரியாறு, மூணாறு தேயிலைத் தோட்டங்களில் குடியிருக்கும் நம் ஆட்கள், எல்லாருமே நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைப்பது அவர்களிடம் சாதாரணமாகக் காணக்கூடிய தொல்லை. இப்போது கத்தி வைக்காமல் ஊசியிலேயே சரிசெய்யலாம் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். போன இடத்தில் காசு கேட்டதும், "இன்சூரன்ஸ் கார்டு இருக்கே, அப்புறம் எதுக்குக் காசு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கார்டு இருந்தால் மட்டும் போதாது. ஊசி போடுவதற்கு முன்பே அந்தச் சிகிச்சைக்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

முதலில் அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை என்ற ரத்தக்குழாய். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறும் சிரைகளில் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் கீழே தேங்கி, தோலுக்கடியில் இருக்கும் சிரை விரிந்து நெளிகிறது. பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் போன்ற மருந்தை அந்தச் சிரைக்குள் செலுத்தினால் உட்சுவர் புண்ணாகி, ஒட்டி, அடைபட்டுப்போகும். ரத்தம் ஆழத்திலிருக்கும் நல்ல சிரைகள் வழியாகப் போய்விடும். அடைபட்டதை உடம்பே மெல்லக் கரைத்துவிடும். பெரிய சிரையாக இருந்தால் மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கி, ஸ்கேன் பார்த்தபடியே செலுத்துவார்கள். ஸ்க்ளீரோதெரபி என்பது இதுதான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும், ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருப்பவர்களுக்கும், அந்த மருந்து ஒவ்வாதவர்களுக்கும் போடமாட்டார்கள். தொடையிலிருந்து இறங்கும் முக்கியச் சிரையிலேயே கோளாறு என்றால் பல டாக்டர்கள் லேசரையோ அறுவை சிகிச்சையையோதான் முதலில் சொல்வார்கள். அதனால் சிரைகளில் ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமலே ஊசியைத் தூக்குகிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

இனி காசு விஷயம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால் இந்தக் கவலையில் பாதி குறைந்துவிடும். தேனி கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளர் பிரிவில் காட்டலாம். ரத்தநாளத்துக்கென்றே தனித்துறை வேண்டுமென்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற இன்சூரன்ஸ் கார்டு கட்டாயமில்லை. ஆனால் கார்டு இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். உங்கள் சிகிச்சைக்காகத் திட்டத்திலிருந்து வரும் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகிறது. உங்கள் கைக்காசுச் செலவும் குறையலாம்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால்தான் விதிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை. ஆளுக்கு 5 லட்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வீட்டுக்கே மொத்தம் அவ்வளவுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் தொடங்கி வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம்.

இந்தத் திட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் சிகிச்சைகளுக்கு, பட்டியலில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், முன் அனுமதி பெற்றுச் செய்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாக வந்து ஊசி போட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போவது பொதுவாக இதற்குள் வராது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கும் பணம் கிடையாது. இந்த ஊசி விஷயத்தில் சிக்கல் இங்கேதான் வருகிறது. தோலில் சிலந்திவலை மாதிரி ஓடும் மெல்லிய நீல ரேகைகளை மறைப்பதற்கும் இதே ஊசிதான். நடக்கவிடாமல் வலித்து, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகிப்போன காலுக்கும் இதே ஊசிதான். மருந்து ஒன்றானாலும் முதல் வகைக்கு அனுமதி வராது. இரண்டாவது வகைக்குக் கேட்கலாம். அனுமதி தருகிறவர் உங்கள் காலை நேரில் பார்ப்பதில்லை, டாக்டர் எழுதிய குறிப்பையும் டாப்ளர் அறிக்கையையும்தான் பார்க்கிறார். எத்தனை நாளாக வலி, வீக்கம் எப்போது வருகிறது, புண் இருக்கிறதா, ரத்தம் கசிந்ததா என்பதையெல்லாம் டாக்டரிடம் விட்டுப்போகாமல் சொல்லி எழுதவையுங்கள். நம் பெண்கள் "லேசா வலிக்குது சார்" என்று சொல்லிப் பழகியவர்கள். இந்த இடத்தில் அது அவர்களுக்கே பாதகமாக முடியும்.

பட்டியலில் நரம்பு சுருட்டலுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது என்று தெரிந்ததும் ஊசிக்கும் கிடைக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அறுவை, லேசர், ஊசி ஒவ்வொன்றும் தனித்தனிச் சிகிச்சை. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டும் இருக்கும். ஆகவே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் இப்படிக் கேளுங்கள்: "எனக்கு டாக்டர் எழுதியிருக்கிற இந்தச் சிகிச்சை, இந்த ஆஸ்பத்திரியில், கார்டில் வருமா? அனுமதி வந்துவிட்டதா?" இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் காசைக் கட்டிவிட்டுப் பில்லைக் கொண்டுபோய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது எல்லைப் பிரச்சினை. கேரளப் பக்கம் குடியிருந்து, அங்கே ரேஷன் கார்டு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி என்ற கேரள அரசின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2019இல் வந்தது, அதுவும் குடும்பத்துக்கு 5 லட்சம்தான். ஆர்எஸ்பிஒய் என்ற, ஏழைக் குடும்பங்களுக்கான பழைய மத்திய அரசுக் காப்பீட்டு கார்டைப் புதுப்பித்து வந்தவர்களில் பலர் இதற்குள் இருப்பார்கள். அதில் இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் குறைந்த குடும்பங்களுக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் என்று தனி உதவி இருக்கிறது. விவரத்துக்கு கேரளத்தின் திஷா உதவி எண் 1056. தோட்டத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியை மறந்துவிட வேண்டாம். தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே முதலாளி மேல் வைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அங்கிருந்து சீட்டு வாங்கிப் போவது நல்லது.

கம்பத்தில் வீடு, வேலை மட்டும் மலைக்கு மேலே என்பவர்களுக்குத் தமிழ்நாட்டு கார்டுதான். அதை இடுக்கியிலோ கோட்டயத்திலோ காட்டலாமா என்றால், எல்லாருக்கும் முடியாது. ஆயுஷ்மான் பாரத் மத்தியப் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்கு நாடு முழுக்க, அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும். மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பங்களுக்கு அந்த உரிமை இல்லை. கார்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 14555 என்ற எண்ணுக்குப் போன் போட்டோ, ஆயுஷ்மான் செயலியில் ஆதார் எண்ணைப் போட்டோ பார்த்துவிடலாம். பார்க்காமல் மலையேறிப் போய் ஏமாந்து திரும்ப வேண்டாம்.

டாப்ளர் ஸ்கேனை எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மத்தியத் திட்ட விதிப்படி அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும் அந்தச் சிகிச்சைத் தொகைக்குள் அடங்கும். இரண்டு மாதம் முன்பு வெளியே காசு கொடுத்து எடுத்த ஸ்கேனுக்கு யாரும் தரமாட்டார்கள். அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்வதே மேல். ஊசிக்குப் பிறகு மாட்டிக்கொள்ள வேண்டிய இறுக்கமான காலுறைக்குத் தனியாகக் காசு உண்டா என்றும் அனுமதி கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். அதைப் போடாமல் விட்டால் சிகிச்சையின் பலன் குறையலாம்.

ஊசி போட்ட அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடக்க வேண்டும். ஊசி இறங்கிய இடத்தில் பழுப்புக் கறை சில மாதம் இருக்கலாம், பயமில்லை. ஆனால் கால் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் கடுமையாக வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்த 15 நாள் கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே உடனே போங்கள். என்ன மருந்து, எந்தக் கால், எந்தத் தேதி என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.