தண்ணீர் வருமுன் வர வேண்டிய தணிக்கை

கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டால், தாமிரபரணிக் கால்வாய்களில் எவ்வளவு மண் அள்ளினார்கள் என்பதை அதன்பின் யாராலும் அளந்து சொல்ல முடியாது. அரசுத் தணிக்கைப் பணியில் இருந்தபோது, ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வாரிய வேலைக்கான அளவுப் புத்தகத்தை, எங்கள் பேச்சில் சொன்னால் எம் புக்கை, புரட்டிக்கொண்டிருந்தேன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. முப்பது மீட்டருக்கு ஒருமுறை எடுத்ததாகச் சொன்ன ஆழம் எல்லா இடத்திலும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. தேதியைப் பார்த்தால், அணை திறந்து பன்னிரண்டு நாள் கழித்து. அன்று அங்கே இடுப்பளவு தண்ணீர் ஓடியிருக்கும்.

கேட்டதற்கு, "அளந்தது அப்பமே அளந்தாச்சு சார், எழுததுக்குத்தான் பிந்திட்டு" என்றார் அங்கிருந்த அலுவலர். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். நான் போய் நின்றபோது இரண்டு போகம் அறுவடையாகியிருந்தது. தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபப் பத்தி ஒன்று, எழுதினேன், பதில் வந்தது, 'ஏற்கத்தக்கதல்ல' என்று மறுபடியும் எழுதினேன். நான் ஓய்வுபெற்ற நாளிலும் அந்தப் பத்தி நிலுவையில்தான் இருந்தது.

அரசுச் செலவைக் கண்காணிக்கச் சுதந்திரமான அலுவலகம் வேண்டும் என்போர் பெரும்பாலும் சுதந்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கான முன்மாதிரி அரசியலமைப்பின் 148-ஆம் பிரிவிலேயே இருக்கிறது: தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அன்றி நீக்க முடியாது, பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ அவர் வேறு பதவி ஏற்க முடியாது, அவரது அலுவலக நிர்வாகச் செலவு, வாக்கெடுப்புக்கு உட்படாமல் தொகுப்பு நிதியிலிருந்தே போகிறது. புதிய அலுவலகத்துக்கும் இம்மூன்றும் வேண்டும். ஆனால் மாநிலக் கணக்கு பற்றிய அறிக்கையை ஆளுநர் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்னும் 151-ஆம் பிரிவு, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த நாளைப் புதிய சட்டத்தில் எழுதியே ஆக வேண்டும்.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கென 2011-இல் வந்த சமூகத் தணிக்கை விதிகள் காலத்தைக் கணக்கில் எடுத்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை, முடிவு கிராம சபையில், அதற்கு உதவ வருபவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது. தெருவுக்குத் தெரு மாமன் மச்சான் உறவு ஓடும் நம் ஊர்களில் கடைசி விதியின் அருமை தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவற்றோடு, வேலை நடக்கும்போதே களத்துக்குப் போகவும், அளவு சரிபார்க்கும்வரை பில்லை நிறுத்தச் சொல்லவும் அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் வேண்டும் என்பது என் கருத்து. வேலை தாமதமாகும் என்பார்கள். ஒரு கிளை வாய்க்காலை அளக்க ஒரு பொறியாளரும் ஒரு டேப்பும் அரை நாளும் போதும்.

அலுவலகம் வரும்வரை, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. எம் புக்கின் நகலைக் கேட்பதோடு, வேலையை நேரில் பார்வையிடவும் அது உரிமை தருகிறது. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், ஜூனில் அணை திறக்கும் என்றால் ஏப்ரல் கடைசிக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.