பாலை மரத்தைக் குறிவைத்தால் பனையில் படுவது ஏன்?

கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சான் திரும்பிப் போகும்போது மூன்று கோல்ஃப் தடிகளையும் ஒரு பை பந்துகளையும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். கிளிநொச்சியில் கோல்ஃப் மைதானத்துக்கு எங்கே போவது? காலபோக வெட்டு முடிந்து வைக்கலும் ஏற்றிய பிறகு மாடுகள் மேயும் வயல்தான் மைதானம், தூரத்துப் பாலை மரம்தான் இலக்கு. நான் அடிக்கும் பந்து அநேகமாக அதற்கு வலப்பக்கத்திலுள்ள பனைகளுக்குத்தான் போகும். "என்னண்ணை, நுங்கு விழுத்திறியளோ?" என்று வரம்பில் குந்தியிருக்கும் பெடியள் கேட்பார்கள்.

தடியும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தடியின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கமே பந்து கிளம்பும். முகம் 4 பாகை விலகினால் 150 மீற்றர் தூரத்தில் பந்து 10 மீற்றர் தள்ளி விழும். பிழை அதோடு நிற்பதுமில்லை. தடி ஒரு திசையில் வீச, அதன் முகம் வேறு திசையைப் பார்த்தால் பந்து சுழலும் அச்சு சரிந்துவிடும். சுழலும் பந்து தன்னைக் கடக்கும் காற்றை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது. காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. மக்னஸ் விளைவு என்பது இதுதான். முரளிதரனின் பந்து தரையில் குத்துமுன்பே காற்றில் வளைந்ததும் இந்த விசையால்தான்.

அதே விசை இல்லாவிட்டால் நல்ல அடியும் தூரம் போகாது. பந்து பின்புறமாகச் சுழல்வதால் காற்று அதை மேலே தூக்குகிறது. 1890களில் இதை ஆராய்ந்து எழுதியவர் ஸ்கொட்லாந்து இயற்பியலாளர் பீற்றர் குத்ரி டெயிற். அவருடைய மகன் 1896இலும் 1898இலும் பிரித்தானிய அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தை வென்றார். கணக்கு அப்பாவுக்கு, அடி மகனுக்கு.

பந்தின் மேலுள்ள குழிகளுக்கும் ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மரப்பாலில் செய்த வழவழப்பான புதுப் பந்துகளைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகளே நன்றாகப் பறந்தன. கரடுமுரடான மேற்பரப்பு, பந்தை ஒட்டிய மெல்லிய காற்றுப்படையைக் குழப்பிவிடும். குழம்பிய காற்று பந்தை விட்டுச் சீக்கிரம் பிரியாது. பின்னால் இழுக்கும் சுழிப்பு சிறுத்துப்போகும். குழியில்லாத பந்து ஏறத்தாழப் பாதித் தூரம்தான் போகும். வடுப்பட்டதே தூரம் போகும் என்று வன்னிச் சனத்தை வைத்து ஒரு தத்துவம் சொல்ல நாக்குத் துடிக்கிறது. வேண்டாம், காற்றோடு நிற்போம்.

அடி பிழைத்ததைக் கை உணர்ந்து, மூளை பதில் கட்டளை அனுப்பக் கிட்டத்தட்ட 0.15 செக்கன் ஆகும். செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் போகும் பந்து அதற்குள் ஏழு மீற்றர் கடந்திருக்கும். திருத்த வழியே இல்லை. பிறகு ஆரோடு கோபிப்பது?

பந்து பனைக்குப் போனாலும் எனக்கு வரும் சிரிப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வொல்ஃப்ராம் ஷூல்ற்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் வெகுமதியோடு தொடர்புள்ள டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலங்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அவை துள்ளின. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் சும்மா இருந்தன. எதிர்பார்த்தது வராவிட்டால் வழமையான அளவுக்கும் கீழே அடங்கின. மச்சான் அங்கே காசு கட்டி விளையாடுகிறார்; ஒவ்வொரு அடியும் நேரே போகும் என்று நம்பித்தான் தடியைத் தூக்குவாராம். ஒன்று பிழைத்தால் அன்றிரவு தொலைபேசியிலும் அந்தப் புலம்பல்தான். எனக்கோ பத்தில் ஒன்பது பனைக்கு. பத்தாவது பாலையின் கீழ் போய் விழும்போது வரம்பிலிருந்து விசில் பறக்கும்.

பற்றைக்குள் போன பந்தை மட்டும் நாங்கள் தேடுவதில்லை. மிதிவெடிக் காலத்தில் பழகிய கால்கள். பைக்குள் இன்னும் பதினொரு பந்து கிடக்கிறது.