கோடைக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை

கோடை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, 'அப்போது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது' என்று எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் போட்டிருந்ததை இந்த வாரமும் பார்த்தேன். அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எத்தனை முறை திருத்தினாலும் இந்த விடை ஒழிய மாட்டேன் என்கிறது.

பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளிப் போவது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டருக்கு. அதாவது கனடா உறைந்து கிடக்கும் மாதத்தில்தான் சூரியன் கிட்டே இருக்கிறது. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு நாட்டுக்கும் ஒன்றாகவே கோடை வர வேண்டாமா? பூமியின் பாதையை முட்டை போல இழுத்து வரையும் படங்களும் இந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன. அளவு மாறாமல் தாளில் வரைந்தால் அது வட்டமாகத்தான் தெரியும்.

பருவங்களுக்குக் காரணம் பூமி சுழலும் அச்சின் சாய்வு, ஏறத்தாழ 23.5 பாகை. அதனால் சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும் பாதியில் சூரியன் வானில் தாழ்ந்தே போகிறது. சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால், தலைக்கு மேல் இருக்கும்போது விழும் அதே வெயில் இரண்டு மடங்கு நிலத்தில் பரவிவிடுகிறது. அந்தப் பாதியில் பகலும் குறைந்துபோகிறது.

விளக்கைச் சுற்றி உலக உருண்டையை எடுத்துச் செல்லும் ஆசிரியர்களே, போகும் வழியெல்லாம் சாய்வை விளக்கின் பக்கமே திருப்பிக்கொண்டு போகாதீர்கள்! அப்படிச் செய்தால் வட பாதிக்கு வருடம் முழுக்கக் கோடைதான். வகுப்பில் எங்கே நின்றாலும் அச்சின் வட முனை ஒரே சுவரைப் பார்க்கட்டும்.

முடிந்தால் விளக்கையே விட்டுவிட்டு வெயிலுக்குப் போங்கள். உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்றி, ஒரு குவளையின் வாயில் உட்கார வையுங்கள். உங்கள் ஊர் உச்சியில் இருக்கட்டும், வட துருவம் வடக்கைப் பார்க்கட்டும். இப்போது உருண்டையில் வெளிச்சம் விழும் இடங்களில்தான் உண்மையிலும் பகல். ஊரின் மேல் களிமண்ணில் ஒரு தீக்குச்சியை நட்டால், அதன் நிழலும் வெளியே நிற்கும் கம்பத்தின் நிழலும் ஒரே திசையில் விழும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது உருண்டையை மட்டும்தான். சூரியனை நேராகப் பார்க்க விடவே கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் சரி.

தயவுசெய்து இதை ஜூன் கடைசியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் ஒரு முறையும் செய்யுங்கள். காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும், ஜூனில் வட துருவம் வெளிச்சத்தில் இருக்கும். டிசம்பரில் இருட்டில் இருக்கும்.