எஸ்.ஓ.எஸ். என்றால் அவசரம் இல்லை, ஐயா!

போன வாரமும் ஒருவர். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் 50 எழுதி, பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று போட்டிருந்தார் டாக்டர். பெரியவர் மூன்று வேளையும் விழுங்கியிருக்கிறார். கேட்டால், "எஸ்.ஓ.எஸ்.னா ஆபத்துதானே தம்பி? அதான் ஒரு வேளைகூட விடலை" என்கிறார். கால் இரண்டும் வீங்கி, பிரஷர் ஏறி, இப்போது சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லித் தனியாக ஒரு சீட்டு.

கப்பல்காரர்களின் எஸ்.ஓ.எஸ். வேறு. அது 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்ட மோர்ஸ் சைகை: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அந்த எழுத்துகளுக்கு விரிவே கிடையாது. 'உயிரைக் காப்பாற்றுங்கள்' என்பதெல்லாம் பிறகு ஒட்டவைத்தது. மருந்துச் சீட்டில் இருப்பது லத்தீன், 'சி ஓபுஸ் சிட்', அதாவது தேவைப்பட்டால். வலித்தால் போடுங்கள். வலிக்கவில்லையா, மாத்திரை டப்பாவிலேயே கிடக்கட்டும். கோர்ஸை முடிக்க இது ஆன்டிபயாடிக் இல்லை.

அவசரத்துக்கு எழுதுவது 'ஸ்டாட்'. 'ஸ்டாட்டிம்' என்பதன் சுருக்கம். ஒரே டோஸ், இப்போதே. வார்டில் "ஸ்டாட் போட்டாச்சா சிஸ்டர்?" என்ற குரல் கேட்காத நாளில்லை. வீட்டுக்கு வரும் சீட்டிலும் "2 ஸ்டாட், பிறகு 1-0-1" என்று சில நேரம் இருக்கும்; இப்போதே இரண்டு, பிறகு காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதை மட்டும் 'ராத்திரி சாப்பிட்டுட்டுப் பாத்துக்கலாம்' என்று தள்ளிவைப்பார்கள்!

ரஷ்யாவில் சீட்டின் மேலே 'சிட்டோ' என்று எழுதுவதுண்டு. 'விரைவான' என்று பொருள்படும் 'சிட்டுஸ்' என்ற லத்தீன் பெயரடையின் உறவு. அங்கே சிட்டாய்ப் பறக்க வேண்டியவர் மருந்துக் கடைக்காரர். நோயாளிக்கு அதில் வேலையில்லை.

மருந்துக் கடைக்காரர்களான எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல கடைகளின் மாத்திரைக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்றே கட்டம். எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு இடமே இல்லை. கூட்ட நேரத்தில் கடைப் பையன் மூன்றிலும் டிக் அடித்துத் தள்ளிவிடுகிறான். நகராதீர்கள். "வலித்தால் மட்டும்" என்று கவரில் எழுதி வாங்குங்கள். நாளுக்கு அதிகபட்சம் எத்தனை, எத்தனை மணி நேர இடைவெளி, இரண்டையும் டாக்டரிடமே கேளுங்கள். பாராசிட்டமால் என்றால் குறைந்தது நாலு மணி நேரம்; வயது வந்தவர்களுக்கு நாளுக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பிரஷர், சிறுநீரகக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் வலி மாத்திரைக்கு முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டாக்டர்களே, மருந்துப் பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி 2016இலேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்திவிட்டது. அந்தப் பேனாவாலேயே 'தேவைப்பட்டால்' என்று தமிழில் ஒரு வார்த்தை, தயவுசெய்து.

மீந்த ஸ்ட்ரிப்பைப் பக்கத்து வீட்டு மூட்டு வலிக்குத் தானம் செய்யாதீர்கள். அவருடைய கிட்னி எப்படி இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது.