‘அஞ்சுகிறேன்’ என்று அஞ்சாமல் எழுதுகிறார்கள்

விடுதியில் ஒருவர் அறை கேட்டு நிற்கிறார். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் சிரித்த முகத்தோடு, "அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று அஞ்சுகிறேன்" என்கிறாள். ஆங்கிலத்தில் அவள் சொன்னது ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ (I'm afraid); தமிழ் சப்டைட்டில் அதை அப்படித்தான் சொல்கிறது. யாருக்கு அஞ்சுகிறாள்? அறைக்கா, வந்தவருக்கா? டப்பிங் தொடர், மொழிபெயர்ப்பு நாவல் எதைத் தொட்டாலும் இந்த ‘அஞ்சுகிறேன்’ வந்து நிற்கிறது.

‘அஃப்ரெய்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலவினைக்கு அமைதியைக் குலை, திடுக்கிட வை என்று பொருள். பொது இடத்தில் சண்டைபோட்டு அமைதியைக் கெடுப்பதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு ‘அஃப்ரே’ என்றதே, அதுவும் இதன் உறவுதான்.

நேர்ப்பொருளில் தகராறில்லை. பயந்த, அஞ்சிய, மிரண்ட என்று இடம் பார்த்துப் போடலாம். பின்னால் வரும் சிறுசொல்லை மட்டும் கவனிக்க வேண்டும். ‘ஆஃப்’ வந்தால் நாய்க்குப் பயம். ‘ஃபார்’ வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இரண்டாவதை "மகனுக்குப் பயந்தாள்" என்று எழுதினால், பாவம், மகன் ரவுடியாகிவிடுகிறான்.

சரி, விடுதிக்கு வருவோம். அந்தப் பெண்ணிடம் அச்சமே கிடையாது. கேட்டவர் மனம் நோகாமல் ‘இல்லை’ என்று சொல்ல ஆங்கிலத்தில் இது ஒரு மரியாதை வழக்கு. ‘பயப்படுகிறேன்’ வடமொழி, ‘அஞ்சுகிறேன்’ தூய தமிழ், அதனால் இதுதான் சரி என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் இல்லாத அச்சத்துக்குத் தூய பெயர் வைத்து என்ன பயன்? ‘தெரிவிக்க வருந்துகிறேன்’ கொஞ்சம் தேவலாம், பொருளாவது நெருங்கி வருகிறது. ஆனால் வாயைத் திறந்து யார் அப்படிப் பேசுகிறார்கள்? அதில் அலுவலகக் கடித வாடை.

ரேஷன் கடையில் கேட்டுப் பாருங்கள்: "பருப்பு இன்னும் வரலைங்களே." அந்த ‘ஏ’ போதும். நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் அடுக்குகிறது. இந்த வருத்த ஏகாரத்துக்கு அதில் தனி இடமில்லை, ஆனாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டு, "ரூம் எதுவும் காலி இல்லைங்களே" என்று எழுதியிருக்கலாம். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஸோ’ வந்தால் "ஆமாங்க, அப்படித்தான் ஆகிப்போச்சு."

டாக்டர் கெட்ட செய்தி சொல்லும் காட்சியில் ஏகாரம் போதாது. "இனி எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று வாக்கியத்தையே மாற்ற வேண்டும். அங்கேயும் டாக்டரை அஞ்சவிட்டால், பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.